வீட்டிலே செய்யும் குஞ்சக் கம்பளம்

தரையில் விரித்துக்கொள்வதற்கு நமக்குப் பாய் உண்டு. வாசலிலே போட்டு வைப்பதற்குத் தும்புக் கால்மிதி உண்டு. வெயிலும் புழுதியும் மிகுந்த நாட்டிலே வாழ்கின்ற நமக்குக் கம்பளம் அத்துணை வேண்டப்படும் பொருளன்று. ஆகவே, கம்பளத்தைப் பற்றி எங்களுக்கு ஏன் சொல்ல வந்தீர் என்று நேயர்கள் வினவினால் அது நியாயமான வினாவே. குளிர்நாடுகளிற் குடியேறிய நம்மவர் வீடுகளிலே கம்பளம் அன்றாடப் பொருளாகிவிட்டது என்பது ஒரு விடை. மற்றொரு விடையும் உண்டு. வீட்டின் ஓர் அறையையே தொழிற்கூடமாக்கிக்கொண்டு, ஒருவர் தாமே வரைந்து, தாமே நூல் பாய்ச்சி, தாமே முடித்து எடுக்கக்கூடிய கம்பளத் தொழில் ஒன்று அண்மைக் காலத்திற் பல நாடுகளிலும் பரவி வருகின்றது. அத்தொழிலின் நுணுக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத முதுகுப்புறத்திலே அடங்கியிருக்கின்றது. அதனைத்தான் இன்று சற்று விரிவாகச் சொல்ல எண்ணுகின்றேன்.

கம்பளத்தின் மேற்புறத்திலே புற்றரைபோல நிமிர்ந்து நிற்கும் நூல்களை அங்ஙனம் நிறுத்துவதற்குப் பல வழிகள் உள. பாரசீகத்திலும் துருக்கியிலும் காசுமீரத்திலும் வழங்கும் பழைய வழி முடிச்சிடுதல். தறியிலே பாவு நூல்களை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு சிறு நூலையும் இரண்டு பாவிழைகளிலே சுற்றி முடிந்து, ஒரு வரிசை நிறைந்ததும் ஊடிழை ஓட்டி, சீப்பினால் அடித்து இறுக்குவர். ஒவ்வொரு முடிச்சும் தன் காலிலே தான் நிற்கும். ஒரு சதுர அங்குலத்தில் 100 முடிச்சு எனக் கொண்டால், 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள ஒரு விரிப்புக்கு 3,45,600 முடிச்சுகள் வேண்டும். ஒருவர் கைக்கு அது பல மாத வேலை.

குஞ்சக் கம்பளம் இவ்வாறு ஆவதன்று. அதற்குத் தறி வேண்டா. ஏற்கெனவே நெய்து முடிந்த துணியை எடுத்து, அதன் முதுகுப்புறத்திலிருந்து ஊசியால் நூலைக் குத்தி, முகப்புறத்திலே புறப்படச் செய்வர். புறப்பட்ட நூலை வெட்டிவிட்டால் அது குஞ்சமாய் விரியும்; வெட்டாது விட்டால் சிறு வளையமாய் நிற்கும். ஆங்கிலத்தில் இதனை ‘டஃப்டிங்’ என்பர். இங்கே முடிச்சு என்பது கிடையாது. முடிச்சில்லாத நூல் இழுத்தவுடன் கழன்று வந்துவிட வேண்டுமல்லவா? ஏன் வரவில்லை? இந்த ஒரு வினாவைப் பற்றிக்கொண்டு சென்றால் தொழிலின் வரலாறும் செய்முறையும் ஒருங்கே விளங்கிவிடும்.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலே, அதன் வடமேற்குப் பகுதியில், டோல்டன் என்னும் ஊர் உளது. அவ்வூரை அடுத்துப் பண்ணையொன்றிலே வளர்ந்த கதரின் எவன்ஸ் என்ற பெண், சிறுமியாயிருந்தபோது உறவினர் வீட்டிலே ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கண்டு அதிலே மனத்தைப் பறிகொடுத்தாள். 1895ஆம் ஆண்டில், தனது 15ஆவது வயதில், அதனைப் பார்த்துத் தானும் ஒன்று செய்தாள். அவள் கையாண்ட முறை மிக எளியது. வெளுக்காத பருத்தித் துணியிலே தடித்த பருத்தி நூலை ஒரே அளவான இடைவெளி விட்டுத் தைத்தாள். தையலின் நடுவே கத்தரித்துவிட்டாள். பின்பு துணி முழுவதையும் கொதிநீரிலே துவைத்தாள். கொதிநீரிலே துணி சுருங்கியது. ஊசி நுழைந்த துளைகள் ஒடுங்கின. வெட்டுண்ட நூலோ பஞ்சாய்ப் பருத்தது. ஆகவே நூல் கழல வழியின்றிப் போயிற்று. முடிச்சு செய்ய வேண்டிய வேலையைத் துணியின் சுருக்கமே செய்துவிட்டது. பசையில்லை, பொறியில்லை, நீரும் நெருப்புமே துணை. தொழில் நூல் எதனையும் கல்லாத ஒரு பண்ணைப் பெண் கண்டுகொண்ட இந்த உபாயத்தை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே மேலிடுகின்றது.

1900ஆம் ஆண்டில் அவள் செய்த விரிப்பொன்று இரண்டரை டொலருக்கு விலைப்பட்டது. கேட்டவர்கள் பெருகினர். அயற் பெண்களுக்கும் அவள் இத்தொழிலைக் கற்றுக்கொடுத்தாள். நாளடைவிலே வணிகர் சிலர் மாதிரி பதித்த துணியையும் நூலையும் வண்டியில் ஏற்றிச் சென்று மலைநாட்டுப் பண்ணை வீடுகளிலே கொடுத்துவிட்டு, சில நாட் கழித்து முடிந்த விரிப்புகளைச் சேகரித்துக் கொணரும் முறை ஏற்பட்டது. மாதிரியைப் பதிக்கும் விதமும் விநோதமானது: முடிந்த விரிப்பொன்றின் மேல் வெறுந் துணியைப் பரப்பி, கொழுப்புத் தடவிய தகரத் தட்டினால் அழுத்தித் தேய்ப்பர், அடியிலுள்ள குஞ்சங்கள் மேலே புள்ளிகளாய்ப் பதிந்துவிடும். டோல்டன் வழியாகச் செல்லும் 41ஆம் இலக்க நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கொடிகளிலே இவ்விரிப்புகளைத் தொங்கவிட்டு விற்றனர். அவற்றுட் பல மயில் தோகை வரைந்தவையாதலால் அச்சாலைப் பகுதிக்கு ‘மயில் ஒழுங்கை’ என்ற பொருள்படும் பெயரே வழங்கலாயிற்று.

படிப்பதற்கு இனிய கதைதான். ஆயின் அப்பண்ணை வீடுகளின் உள்ளே என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கூலி விரிப்பொன்றுக்கு இவ்வளவு என்று பேசப்பட்டதேயன்றி மணிக்கணக்கு எவரும் பார்க்கவில்லை. சமையலுக்கும் வயல் வேலைக்கும் இடையிலே தாய் தைத்தாள். இரவு விளக்கிலே பிள்ளைகளும் அருகிருந்து தைத்தனர். வீட்டு வேலையென்ற பெயரால் அவ்வுழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. 1938ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் மணிக்கு 25 சதமே மிகக் குறைந்த கூலி என்று சட்டம் வகுத்தது. அதனையொத்த தொழிற் சட்டங்கள் வரத் தொடங்கிய அக்காலத்திலேதான் உடைமையாளர் பலர் வேலையை வீடுகளிலிருந்து ஆலைகளுக்கு மாற்றினர். தையற்பொறியைத் திருத்தியமைத்துக் குஞ்சம் தைக்கும் பொறிகளையும் பெருக்கினர். நேர்மையான கூலி கொடுக்க வேண்டியதாயின் கைவேலை கட்டுப்படியாகாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு இன்றும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்பு பொறிகள் அகன்றன. ஒன்றல்ல, பல நூறு ஊசிகள் ஒருங்கே குத்தின. படுக்கை விரிப்புத் தொழில் கம்பளத் தொழிலாக மாறியது. அப்பொழுதுதான் பழைய வினா மீண்டும் எழுந்தது. படுக்கை விரிப்பைப் போர்த்துக்கொள்வார்கள். கம்பளத்தையோ மிதிப்பார்கள், கதிரையை இழுப்பார்கள். துணியின் சுருக்கம் மட்டும் இதனைத் தாங்குமா? தாங்காது. ஆகவே முதுகுப்புறம் முழுவதும் றப்பர்ப் பாலைப் பூசி உலரவிட்டு நூலின் அடியைத் துணியோடு பிணைக்கும் முறை வந்தது. 1950களில் அமெரிக்காவிலே நெய்த கம்பளத்தைக் குஞ்சக் கம்பளம் விஞ்சிவிட்டது. டோல்டன் இன்றும் அந்நாட்டின் கம்பளத் தலைநகராக விளங்குகின்றது.

இனி, வீட்டுத் தொழிற்கூடத்துக்கு வருவோம். ஆலைப் பொறி ஒருபுறமிருக்க, கையிலே பிடித்து ஒற்றை ஊசியால் நூல் பாய்ச்சும் சிறிய மின்கருவியொன்றும் கம்பளப் பட்டறைகளிலே நெடுங்காலமாக உண்டு. மாதிரிகளுக்கும், ஒருவர் தனியே விரும்பிக் கேட்கும் கம்பளங்களுக்கும் அதனைப் பயன்படுத்துவர். அது சாதாரண மக்களும் வாங்கக்கூடிய விலைக்கு வந்தது அண்மையிலேதான். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்திலே மக்கள் வீடுகளுள் அடைபட்டிருந்தபோது இத்தொழிலிலே பலர் இறங்கினர். பண்ணை வீட்டிலிருந்து ஆலைக்குப் போன தொழில் இவ்வாறு மீண்டும் வீட்டுக்குத் திரும்பியது.

முதலில் வேண்டுவது மரச்சட்டம். கதவு நிலைபோல் உறுதியாக நிற்கத்தக்கதாய், மேசையோடு பிணைத்தோ கால் பொருத்தியோ அதனை நிறுத்துவர். சட்டத்தின் நாற்புறமும் சாய்வான சிறு ஆணிகள் நெருங்கிய பட்டிகளை அறைந்து, அவற்றிலே துணியை மாட்டி இழுப்பர். துணி பருத்தியாலானதாகவோ, பருத்தியும் பொலியெஸ்தரும் கலந்ததாகவோ இருக்கும். நெசவு தளர்வாகவும் ஒரே சீராகவும் இருத்தல் வேண்டும். அதனை மத்தளத் தோல்போல இறுக்க வேண்டும். விரலாற் சுண்டினால் ஒலிக்க வேண்டும். தொடக்கக்காரர் படும் துன்பங்களுட் பாதிக்குக் காரணம் இந்த இறுக்கம் போதாமையே. துணி தளர்ந்திருந்தால் ஊசி அதனைத் துளைப்பதற்குப் பதிலாகத் தள்ளும். நூல் நிற்காது விழும். சில வேளை துணியே கிழியும்.

அடுத்தது வரைதல். வேலை செய்வது முதுகுப்புறத்திலாதலால் படம் இடம்வலம் மாறியே வரையப்படல் வேண்டும். பூவுக்கும் புள்ளிக்கும் இது பெரிதன்று. எழுத்தானால் நிலைமை வேறு. அரிவரி வகுப்புப் பிள்ளைகள் சிலர் எழுத்தை இடம்வலம் மாற்றி எழுதுவதை ஆசிரியர்களாகிய நாம் திருத்தித் திருத்திச் சலிப்போம். இத்தொழிலிலே அந்தப் பிழைதான் சரி. கை வராதவர்கள் படத்தை ஒளிக்கருவியினால் துணிமேல் விழுத்தி அதன் வழியே கோடிடுகின்றனர். அதில் இழுக்கொன்றுமில்லை.

மின்கருவியின் அமைப்பை நாவினால் மட்டும் விளக்குவது சற்றுக் கடினம். தச்சர் துளையிடும் மின்கருவியை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அவ்வடிவினதே இது. நுனியிலே குழலான ஓர் ஊசி. ஊசியின் பின்னே ஒரு சிறு கத்தரி. விசையை அழுத்தியதும் ஊசி நூலைத் துணிக்குள்ளே செலுத்தும், கத்தரி அதனைத் தொடர்ந்து சென்று வெட்டும், இரண்டும் திரும்பும், கருவி தானே ஓரடி முன்னெடுத்து வைக்கும். இவையெல்லாம் ஒரு நொடிக்குள்ளே பல தடவை நிகழும். வெட்டாமல் வளையமாக விடும் கருவியும் உண்டு. வழக்கமான வெட்டுக் கருவியிலே குஞ்சத்தின் உயரத்தை ஏறத்தாழ 7 மில்லிமீற்றரிலிருந்து 18 மில்லிமீற்றர் வரை அமைத்துக்கொள்ளலாம்.

கருவியின் பாதம் துணியோடு எப்பொழுதும் அழுந்தியிருக்க வேண்டும் என்பது முதல் விதி. ஓடும்போது கையைத் தளர்த்தினால் கத்தரி துணியையே கடித்துவிடும். ஊசி எந்தத் திசையை நோக்குகின்றதோ அந்தத் திசையிலேயே கருவியைச் செலுத்த வேண்டும், பக்கவாட்டில் இழுக்கலாகாது. வளைவு வந்தால் கருவியைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கீழிருந்து மேலாகச் செல்வது பழகுவோர்க்கு எளிது. நூலைப் பந்தாகச் சுற்றி வைக்காது, தடையின்றி அவிழுமாறு கூம்புக் கண்டாக வைத்து, தலைக்கு மேலுள்ள வளையமொன்றின் வழியாகக் கொணர வேண்டும். நூல் எங்கேனும் இழுபட்டால் குஞ்சம் குட்டையாகும், அல்லது ஊசியை விட்டே நழுவும். முதலிற் படத்தின் எல்லைக்கோட்டை ஓட்டி, பின் உட்பகுதியை நெருங்கிய வரிகளாக நிரப்புவர். கருவி ஓடும்போது சட்டத்தின் மறுபுறத்திலே எவரும் கைவைத்தலாகாது; வீட்டிலே சிறு பிள்ளைகள் இருப்பார்களானால் இதனை நூறு முறை சொன்னாலும் மிகையன்று. அறையிலே நூற்றூசு பறக்குமாதலால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நலம்.

பிழை நேர்ந்தால் என் செய்வது? பசை பூசுமுன்னர் எப்பிழையும் பிழையன்று. வேண்டாத வரியைப் பிடித்து இழுத்தால் நூல் எளிதாக வந்துவிடும். விரிந்த துளைகளை நகத்தினாற் சுரண்டிச் சேர்த்துவிட்டு மீண்டும் பாய்ச்சலாம். இவ்வளவு எளிதாகக் கழலும் நூல்தான் பின்னர் பல்லாண்டு மிதிபட்டும் நிற்க வேண்டியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஆதலின் பசை பூசுவதே இத்தொழிலின் உயிர்நிலை. துணி சட்டத்திலே இறுகியிருக்கும்போதே முதுகுப்புறம் முழுவதும் றப்பர்ப் பாலைத் தகட்டினாற் பரப்பி, ஒவ்வொரு நூலின் அடியிலும் ஊறுமாறு தேய்ப்பர். ஒரு நாளேனும் உலரவிடுவர். பின்பு சட்டத்திலிருந்து கழற்றி, சுற்றிலும் இரண்டு அங்குலத் துணி விட்டு வெட்டி, விளிம்பை மடித்து ஒட்டி, மேலே தடித்த துணியொன்றைப் பொருத்தி மறைப்பர். இதன்பின் முகப்புறத்தைக் கத்தரிக்கும் வேலை தொடங்கும். ஆட்டு மயிர் கத்தரிக்கும் மின்கத்தரியால் மேற்பரப்பைச் சமன் செய்து, நிறமும் நிறமும் சந்திக்கும் இடத்திலே சிறு கத்தரிக்கோலினால் மெல்லிய வாய்க்கால் வெட்டுவர். மங்கிக் கிடந்த படம் அப்பொழுது துலக்கம் பெறும்.

டொரன்ரோ நகரிலே வாழும் என் பெறாமகள் ஒருத்தி தன் வீட்டின் நிலக்கீழ் அறையிலே இத்தொழிலைச் செய்கின்றாள். அங்கே சென்றிருந்தபோது அவள் முடித்த கம்பளமொன்றின் வண்ணத்தைப் பார்த்து நான் புகழ்ந்தேன். அவள் அதனைக் கவிழ்த்துப்போட்டு, “முகத்தைப் பாக்காதேங்கோ சித்தப்பா, முதுகைப் பாருங்கோ” என்றாள். 3 அடிக்கு 2 அடியான அந்த விரிப்புக்குச் சட்டம் கட்டி வரைய 2 மணித்தியாலம், நூல் பாய்ச்ச 6, பசையும் பின்துணியும் பொருத்த 2, கத்தரிக்க 5 ஆக 15 மணித்தியாலம் சென்றதெனக் குறித்து வைத்திருந்தாள். நூல் ஏறத்தாழ ஒரு கிலோகிராம். கேட்க வருவோர் பெரும்பாலும் கடையிலே கிடக்கும் ஆலை விரிப்பின் விலையையே சொல்கின்றனராம். பொருட் செலவைக் கழித்தால், கடை கூட்டித் துடைப்பவருக்கு அந்நாட்டிலே மணிக்குக் கிடைக்கும் கூலியிற் பாதியும் தேறாது. “பொழுதுபோக்குத்தானே, இதற்கு ஏன் கூலி?” என்று கேட்டவர்களும் உளர். டோல்டன் பண்ணை வீடுகளிலே கேட்கப்பட்ட கேள்வியும் இதுவே என்பது அவளுக்குத் தெரியாது; நான் சொன்னேன். அன்றிலிருந்து மணிக்கணக்கை எழுதி விலைச்சீட்டோடு சேர்த்துக் கொடுக்கின்றாள். வாங்குவோர் தொகை சற்றுக் குறைந்ததாம். வாங்குகின்றவர் பேரம் பேசுவதில்லையாம்.

றப்பர்ப் பால் என்றதும் நம் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் கடக்க இயலவில்லை. தென்னமெரிக்க மரமான றப்பர், இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 1876ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்திலே நடப்பட்டது. அங்கிருந்து பரவிய தோட்டங்களிலே, விடியுமுன் எழுந்து மரத்தைச் சீவிப் பாலெடுத்தவர்களுள் நம் தமிழ்த் தொழிலாளரும் அடங்குவர். மரத்திலிருந்து வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்களவே றப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். அது தானே உறைந்துவிடாதிருக்க அமோனியா சேர்த்து, பொறியிலே சுழற்றி நீரைப் பிரித்து, 60 சதவீதம் றப்பருள்ளதாகச் செறிவாக்குவர். பூசும்போது மூக்கைத் துளைக்கும் நெடி அந்த அமோனியாவினுடையதே. ஆகையால் சன்னலைத் திறந்து வைத்தே பூச வேண்டும். நீர் உலர உலர, அதில் மிதந்த நுண்ணிய றப்பர்த் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாகி, நூலையும் துணியையும் கவ்விக்கொள்ளும். பெரிய ஆலைகளிலே செயற்கைப் பாலே இன்று மிகுதியும் ஆளப்படுகின்றது.

இப்பசைக்கும் ஆயுள் உண்டு. மலிவான கம்பளங்களிலே செலவைக் குறைக்கச் சுண்ணாம்புக் கல்லின் பொடியை மிகுதியாகக் கலந்துவிடுவார்கள். நாளடைவிலே பசை வறண்டு, வெடித்து, வெண்பொடியாய் உதிரும். முகம் புதிதுபோலவே இருக்க, நூல்கள் கொத்துக் கொத்தாய்க் கழலத் தொடங்கும். நீரிலே ஊறவைத்துத் துவைப்பதும் இப்பசைக்கு ஆகாது. துடைத்தும், உறிஞ்சும் பொறியினால் தூசெடுத்துமே பேண வேண்டும்.

குஞ்சக் கம்பளத்தைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. குறைந்த காலத்திலே, எந்த வடிவத்தையும், எந்த வண்ணத்தையும் ஒருவர் தனித்திருந்து செய்துகொள்ள முடியும் என்பது பெரிய வசதி. முடிச்சுக் கம்பளமென்று சொல்லி இதனை விற்பதுதான் குற்றம். வட இந்தியாவிலே வாரணாசியை அடுத்த படோகி வட்டாரத்தில் இருவகையும் ஆகின்றன. இரண்டும் ‘கையாற் செய்தவை’ என்ற பெயரோடே கடைக்கு வரும். வாங்குபவர் செய்ய வேண்டியது கம்பளத்தைக் கவிழ்த்துப் பார்ப்பதே. முகத்திலுள்ள படம் முதுகிலும் தெளிவாகத் தெரிந்து, விளிம்புத் தொங்கல் உள்ளிருந்து வரும் பாவு நூலின் தொடர்ச்சியாக இருந்தால் அது முடிச்சு. முதுகைத் துணியொன்று மூடியிருந்து, தொங்கல் தனியே தைக்கப்பட்டிருந்தால் அது குஞ்சம். வேறு எந்த வித்தையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கவிழ்த்துப் பார்த்தாலும் தெரியாதது ஒன்றுண்டு. அது செய்தவர் யார் என்பது. தென்னாசியக் கம்பளத் தொழிலிலே சிறுவர்கள் வேலை வாங்கப்பட்ட கொடுமையை எதிர்த்துப் போராடிய கைலாஷ் சத்தியார்த்தி முன்னின்றமையால், சிறுவர் உழைப்பில்லாத கம்பளத்துக்கு முத்திரை வழங்கும் ‘ரக்மார்க்’ என்னும் அமைப்பு 1994ஆம் ஆண்டில் தோன்றியது. 2009ஆம் ஆண்டில் அது ‘குட்வீவ்’ எனப் பெயர் மாறியது. சத்தியார்த்திக்கு 2014ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசிலே பங்கு கிடைத்தது. ஆலையைச் சோதிப்பது எளிது; தறியும் சட்டமும் வீடுகளுக்குள்ளே சிதறிக் கிடக்குமிடத்தில் சோதிப்பது அரிது. வீட்டிலே செய்யும் தொழிலுக்கு உரிமையுண்டு, மறைவும் உண்டு. இரண்டும் ஒரே கதவின் பின்னாலேதான் இருக்கின்றன.

வீட்டிலே ஏற்கெனவே குஞ்சக் கம்பளமொன்றை வைத்திருக்கும் நேயர்கள் அதனை வெள்ளைத்தாள் ஒன்றின் மேலே பிடித்து, ஒரு மூலையை மெல்ல மடித்து விரலினாற் தட்டிப் பார்க்கலாம். தாளிலே வெண்பொடி விழுந்தால் பசை தளர்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அதற்காக அதனை எறிந்துவிட வேண்டியதில்லை. பின்துணியை உரித்து, பழைய பசையைச் சுரண்டி நீக்கி, புதிதாகப் பால் பூசி, வேறு துணி பொருத்தினால் நூல்கள் மீண்டும் இறுகிக்கொள்ளும். பூசியபின் ஒரு முழு நாள் எவரும் மிதியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்; மழைக்காலமாயின் இரண்டு நாள்.